'சரிங்க' என்று ஒரு வார்த்தைதான் எழுதினேன், கதையின் முடிவையே மாற்றிவிட்டார்!

இந்த முறை ஒரு வாசகியின் நீண்ட கடிதம். அவர் பெயர், இருப்பிடம், எந்தத் தொடரை வைத்து எழுதினார் என்பதையெல்லாம் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் தருகிறேன்.

பல வருடங்களாக ஒரு தொலைக்காட்சித் தொடரின் பாத்திரங்களை வைத்து ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதிவருபவர் இவர். வீட்டிலும் வேலை செய்யும் இடத்திலும் யாருக்கும் இது தெரியாது, எல்லாமே புனைபெயரில்தான். அதே தொடரின் ரசிகர்கள் சிலர் சேர்ந்து ஒரு ஸைன் நடத்துகிறார்கள். ஸைன் என்றால் ரசிகர்களே கதைகளைச் சேகரித்து, தாங்களே அச்சிட்டு, பெரும்பாலும் அச்சுக்கூலி மட்டும் திரும்பக் கிடைத்தால் போதும் என்று விற்கிற இதழ். அதற்கு 14,000 சொற்களில் ஒரு கதை அனுப்பியிருக்கிறார். "ரொம்பப் பிடித்திருக்கிறது, சின்னச் சின்னத் திருத்தங்கள் செய்துகொள்கிறேன், சரியா?" என்று எடிட்டர் கேட்க, இவர் "சரிங்க" என்று பதில் போட்டிருக்கிறார். அதன்பிறகு 26 மாதங்கள் சத்தமே இல்லை. இதழ் வெளிவந்த செய்தியே, வேறொரு ரசிகை வாழ்த்துச் சொன்னபோதுதான் இவருக்குத் தெரிந்தது. எழுதியவருக்குத் தருவதாகச் சொன்ன பிரதி இன்றுவரை வரவில்லை.

இரவல் வாங்கிப் படித்தால், இரண்டு காட்சிகளைக் காணோம். முடிவும் வேறு. இவர் எழுதியதில் நாயகி பழைய நண்பனின் வாசல்வரை வருகிறாள், தட்டுவதற்குக் கையை உயர்த்துகிறாள், உள்ளே யாரோ சிரிக்கிற சத்தம் கேட்கிறது, கையை இறக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விடுகிறாள். அச்சில் வந்ததில் கதவு திறக்கிறது, இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். இதற்கு மேல், கடைசிப் பக்க நன்றிப் பட்டியலில் இவருடைய புனைபெயருக்குப் பக்கத்திலேயே நிஜப்பெயரும் அச்சாகியிருக்கிறது. மின்னஞ்சல் கணக்கில் இருந்ததை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

கேட்டதற்கு எடிட்டரின் பதில்: "திருத்தத்துக்குச் சம்மதித்தது நீங்கள்தான். உழைப்பும் செலவும் எங்களுடையது, கதை இனி இதழுக்குச் சொந்தம். வேறெங்காவது போட்டால் தொடரின் உரிமையாளர்களுக்கு எழுதிவிடுவோம்." கதை அனுப்பிய நாளில் இதழின் விதிமுறையில் 'வெளியாகி 6 மாதங்கள் கழித்து எழுதியவர் வேறிடத்தில் வெளியிடலாம்' என்று இருந்ததாம். இப்போது அது 'எல்லாப் பிரதிகளும் விற்றுத் தீரும்வரை' என்று மாறியிருக்கிறது. இதழ் வந்து 7 மாதங்கள் ஆகிவிட்டன, இரண்டாவது அச்சும் வரப்போகிறது.

"ஃபேன் ஃபிக்‌ஷனுக்குச் சட்டத்தில் உரிமையே கிடையாதாமே மேடம்? கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமும் இல்லை. நான் எதை வைத்துக் கேட்பது? பேசாமல் எல்லா மின்னஞ்சல்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பொதுவில் போட்டுவிடட்டுமா?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் கடிதத்தில் முடிவு மாற்றப்பட்டதைப் பற்றி மூன்று பக்கம் இருக்கிறது, நிஜப்பெயர் அச்சானதைப் பற்றி நான்கு வரிதான். உங்கள் வருத்தம் எங்கே இருக்கிறது என்பது அதிலேயே தெரிகிறது, அது நியாயமான வருத்தமும்கூட. ஆனால் வேலையை நாம் அந்த நான்கு வரியிலிருந்து தொடங்குவோம். முடிவு இன்னும் ஆறு மாதம் மாறியே கிடந்தாலும் பிறகு சரிசெய்துவிடலாம். நிஜப்பெயர் அப்படியில்லை, ஒவ்வொரு பிரதியோடும் அது இன்னொரு வீட்டுக்குப் போகிறது.

முதலில் பெயர்

இரண்டாவது அச்சு இன்னும் வரவில்லை என்பது உங்களுக்குக் கிடைத்திருக்கிற பெரிய வாய்ப்பு. இன்றைக்கே, வேறு எந்தப் புகாரும் கலக்காமல், பெயரைப் பற்றி மட்டும் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இரண்டாவது அச்சில் நிஜப்பெயர் இருக்கக் கூடாது. மின்பிரதி இருந்தால் அந்தப் பக்கத்தை மாற்றிவிட்டு வேறு கோப்பு ஏற்ற வேண்டும். விற்காமல் கையில் இருக்கும் பிரதிகளில் அந்த வரியின் மேல் வெள்ளைத்தாள் துண்டு ஒட்ட வேண்டும், அது அரைமணி நேர வேலை. அடுத்த இதழில் திருத்தம் போடுகிறேன் என்று கிளம்பினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், மறந்துபோன பெயரை அது திரும்ப ஞாபகப்படுத்தும்.

இதில் சட்டம் உங்கள் பக்கம் எவ்வளவு தெளிவாக நிற்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 180-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கும், பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின் 15-ஆம் பிரிவு, புனைபெயரில் வரும் படைப்புகளைப் பற்றித் தனியாகவே பேசுகிறது. எழுதியவர் தானாக முன்வந்து தன்னை வெளிப்படுத்தாதவரை, படைப்பில் பெயர் போட்டிருக்கும் பதிப்பாளரே அவருடைய பிரதிநிதியாகக் கருதப்படுவார், அவர் சார்பில் உரிமைகளைக் காக்கவும் செய்யலாம் என்கிறது அது. அதாவது எழுதியவர் முகம் காட்டாமல் இருக்க, பதிப்பாளர் முன்னால் நிற்பார் என்பதுதான் ஏற்பாடு. உங்கள் எடிட்டர் இருக்க வேண்டிய இடம் அது. அவர் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நான் நினைக்கவில்லை, இருபது பேருடைய பெயரை ஒரே மூச்சில் நகலெடுத்து ஒட்டியிருப்பார். கவனக்குறைவுதான். ஆனாலும் சரிசெய்ய வேண்டியது அவர்.

கதை யாருக்குச் சொந்தம்?

'ஃபேன் ஃபிக்‌ஷனுக்கு உரிமையே கிடையாது' என்பது பாதி உண்மை. பாதி உண்மை என்பதால்தான் அதை வைத்து இவ்வளவு சுலபமாகப் பயமுறுத்த முடிகிறது.

ஒரு படைப்பை எழுதி முடித்த கணத்தில் பதிப்புரிமை பிறந்துவிடுகிறது, பதிவு செய்யவோ முத்திரை வாங்கவோ தேவையில்லை. இது பெர்னின் அடிப்படை. இன்னொன்றைத் தழுவி எழுதியதும் ஒரு படைப்புதான், மூலத்தின் உரிமைக்குக் குந்தகம் இல்லாமல் அதற்கும் பாதுகாப்பு உண்டு என்கிறது அதே உடன்படிக்கை. சிக்கல் அந்த 'குந்தகம் இல்லாமல்' என்பதில் இருக்கிறது. அமெரிக்கச் சட்டம் இதில் கடுமையானது: அனுமதியில்லாமல் மூலத்தை எடுத்துக்கொண்ட பகுதிகளுக்குப் பாதுகாப்பு இல்லை என்று அது சொல்கிறது. 1982-இல் ஒரு எழுத்தாளர் 'ராக்கி' படப் பாத்திரங்களை வைத்து அடுத்த பாகத்துக்கான கதைச்சுருக்கத்தை 31 பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். பிறகு வந்த படம் தன் கதை என்று வழக்குப் போட்டபோது, பாத்திரங்களே உன்னுடையவை இல்லை, அதனால் அந்தச் சுருக்கத்துக்கே பாதுகாப்பு இல்லை என்று 1989-இல் கலிஃபோர்னிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவருடைய கதை அங்கேயே முடிந்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. லாபநோக்கம் இல்லாத, மூலத்துக்குப் புதிய பொருள் சேர்க்கிற ரசிகர் எழுத்து நியாயப் பயன்பாட்டுக்குள், அதாவது அனுமதி வாங்காமலே பிறர் படைப்பைப் பயன்படுத்தச் சட்டம் தருகிற விலக்குக்குள், வரும் என்பது, ரசிகர் படைப்புகளுக்காக 2007-இல் தொடங்கப்பட்ட 'ஆர்கனைசேஷன் ஃபார் டிரான்ஸ்ஃபர்மேடிவ் வொர்க்ஸ்' அமைப்பு உறுதியாக எடுத்திருக்கும் நிலை. நியாயப் பயன்பாட்டில் வந்துவிட்டால் அனுமதி இல்லை என்ற குறையே எழாது. ஆக, தொடரின் உரிமையாளர்களுக்கு எதிரே உங்கள் உரிமை எவ்வளவு நிற்கும் என்பது கதைக்குக் கதை, நாட்டுக்கு நாடு மாறும்.

ஆனால், தோழி, இங்கே தகராறு உங்களுக்கும் தொடரின் உரிமையாளர்களுக்கும் நடுவில் இல்லையே. எடிட்டருக்கும் உங்களுக்கும் நடுவில்தானே? உங்கள் உரிமை எவ்வளவு பலவீனமானது என்று வைத்துக்கொண்டாலும், அது அவர் கைக்கு எப்படிப் போகும்? பாத்திரங்கள் அவருடையவையும் இல்லை, வாக்கியங்கள் அவர் எழுதியவையும் இல்லை. தாள் வாங்கினார், அச்சிட்டார், பக்கம் அமைத்தார், அதற்காகத் தாளும் பக்க அமைப்பும்தான் அவருடையவை. கதை உங்களிடமே இருக்கிறது.

கையெழுத்தில்லாததைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது உங்களுக்குச் சாதகமாகத்தான் தெரிகிறது. பதிப்புரிமையை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்க எழுத்தும் கையெழுத்தும் வேண்டும் என்று பல நாட்டுச் சட்டங்கள் சொல்கின்றன, அமெரிக்கச் சட்டமும் அப்படித்தான். எழுதித்தராத பட்சத்தில் தொகுப்பை வெளியிடுபவருக்குக் கிடைப்பது, அந்தத் தொகுப்பின் ஒரு பகுதியாக உங்கள் கதையை அச்சிடும் அனுமதி மட்டுமே. உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அந்த அனுமதி, அதே இதழின் மறு அச்சுக்கும் அமெரிக்கச் சட்டப்படி நீளும். அதனால் இரண்டாவது அச்சை மொத்தமாக நிறுத்தச் சொல்லிப் போராடாதீர்கள், சக்தி வீணாகும். கதையை மட்டும் தனியே பிரித்துப் புத்தகமாகப் போட்டால் அது வேறு விஷயம், அதற்கு உங்களைக் கேட்டே ஆக வேண்டும்.

அந்த 'சரிங்க'

இதை நினைத்து உங்களையே நீங்கள் நொந்துகொள்கிறீர்கள், 'நானே குழி தோண்டிக்கொண்டேன்' என்றுகூட எழுதியிருக்கிறீர்கள். அப்படியில்லை. அவர் கேட்டது 'சின்னச் சின்னத் திருத்தம்', நீங்கள் சரி சொன்னதும் அதற்குத்தான். காற்புள்ளி, எழுத்துப்பிழை, ஒரே சொல் மூன்று முறை வந்த வாக்கியம், நீண்டுபோன ஒரு பத்தி, இவையெல்லாம் அதில் அடங்கும். இந்த மாதிரி நூறு இடத்தில் கைவைத்திருந்தாலும் நான் அவர் பக்கம்தான் பேசுவேன். தட்டாமல் திரும்பிப் போனவளைத் தட்டவைத்து, கதவைத் திறந்து, கட்டிக்கொள்ளவும் வைத்துவிட்டால் அது திருத்தமே இல்லை. அவள் ஏன் திரும்பிப் போனாள் என்பதற்காகத்தானே முன்னால் 14,000 சொற்கள் எழுதினீர்கள்?

சட்டத்திலும் இந்தக் கோடு இருக்கிறது. படைப்பாளியின் மதிப்புக்கு ஊறு விளைவிக்கும்படி படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமை, 1928-இல் ரோமில் பெர்ன் உடன்படிக்கையைத் திருத்தியபோது 6-ஆம் பிரிவோடு சேர்க்கப்பட்டது. பதிப்புரிமையையே விற்றுவிட்டாலும் இந்தத் தார்மிக உரிமை எழுதியவரிடம் தங்கும். அமெரிக்காவில் இந்த உரிமை கதைகளுக்குக் கிடையாது, ஓவியம், சிற்பம் போன்றவற்றுக்குத்தான். ஆனாலும் அங்கேயே 1976-இல் ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது. மான்டி பைதான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் 90 நிமிட நிகழ்ச்சியில் 24 நிமிடங்களை ஒரு தொலைக்காட்சி நிறுவனம் வெட்டி ஒளிபரப்பியது. கொடுத்த அனுமதியைத் தாண்டி வெட்டுவது உரிமை மீறலாகலாம், சிதைத்ததை அவர்கள் பெயரில் காட்டுவதும் தவறாகலாம் என்று சொல்லி அதற்கு இடைக்காலத் தடை கொடுத்தார்கள். 'எதற்கு, எவ்வளவுக்குச் சரி சொன்னாய்' என்பதுதான் அங்கே கேள்வி. உங்கள் விஷயத்திலும் அதுவே.

இதற்காக நீதிமன்றம் போகலாமா என்றால், நான் வேண்டாம் என்றே சொல்வேன். வழக்கு என்று வந்தால் உங்கள் நிஜப்பெயர் ஆவணங்களில் ஏறும், 'இந்தக் கதையே அனுமதியில்லாமல் எழுதியது' என்று எதிர்த்தரப்பு முதல் நாளே சொல்லும், ஈடாகக் கேட்பதற்குப் பணநஷ்டமும் எதுவும் இல்லை. இந்தத் தீர்ப்புகளை நான் இங்கே கொண்டுவந்தது, நீங்கள் எடிட்டருக்கு எழுதும்போது கை நடுங்காமல் எழுத வேண்டும் என்பதற்காக.

ஆன்லைனில் போடலாமா? அந்த மிரட்டல்?

போடலாம். கதை அனுப்பிய அன்று எந்த விதி இருந்ததோ அதுதான் உங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கும் வாக்கு. 6 மாதம் என்றார்கள், 7 மாதம் ஆகிவிட்டது. உங்களிடம் கேட்காமல் பின்னால் விதியை மாற்றினால் அது புதிதாக வருபவர்களுக்குத்தான் பொருந்தும். பழைய விதியின் நகல் கையில் இல்லையென்றால் இணையப் பக்கங்களின் பழைய வடிவங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அந்த முகவரியைப் போட்டுப் பாருங்கள், பழைய பக்கம் தேதியோடு கிடைக்க வாய்ப்பிருக்கிறது. கிடைத்தால் சேமித்துக்கொள்ளுங்கள்.

எடிட்டர்கள் ஏன் இந்த விஷயத்தில் இவ்வளவு பதறுகிறார்கள் என்று நீங்கள் கொஞ்சம் புரிந்துகொண்டால் பேசுவது சுலபமாகும். ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்களுடைய முதல் ஸைனாகச் சொல்லப்படும் 'ஸ்பாக்கனேலியா' வந்தது 1967-இல். அந்தக் காலத்திலிருந்து இணையம் பரவும்வரை ஒரு ரசிகர் கதை முகம்தெரியாத வாசகரிடம் போய்ச்சேர ஸைனைத் தவிர வேறு வழி அநேகமாக இல்லை. கதையை வேறெங்கும் படிக்க முடியாது என்பதால்தான் பிரதி விற்றது, விற்றால்தான் எடிட்டர் கையிலிருந்து போட்ட அச்சுக்கூலி திரும்பியது. எழுதியவருக்குச் சம்பளம் என்பதே ஒரு இலவசப் பிரதிதான். உங்களுக்கு வராத அந்தப் பிரதி ஒரு மரியாதைக் குறைவு என்று நான் சொல்வது அதனால்தான், அந்த உலகத்தில் கொடுக்கப்படுகிற ஒரே கூலி அது. 2009-இல் ரசிகர் கதைகளை யாரும் இலவசமாகப் போடக்கூடிய ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற இணையதளம் பொது வெளியீட்டுக்கு வந்தபிறகு, எழுதியவர் தானே வாசகர்களிடம் போய்விடலாம் என்றாகிவிட்டது. எடிட்டரின் அச்சுக் கடன் மட்டும் அப்படியே இருக்கிறது. அவர் பயப்படுவதில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. வாக்கு மாறுவதற்கு அது காரணமாகாது, அவ்வளவுதான்.

சரி, மிரட்டலுக்கு வருவோம். தொடரின் உரிமையாளர்களுக்கு எழுதினால் அவர் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறார். கதையை இலவசமாகக் கொடுத்தவர் நீங்கள், அதை அச்சடித்துக் காசுக்கு விற்றவர் அவர். உரிமையாளர்கள் முதலில் பார்ப்பது விற்பனையைத்தான். 1981-இல் ஸ்டார் வார்ஸ் ஸைன்களில் வந்த பாலியல் சார்ந்த கதைகளை ஆட்சேபித்து அந்தப் படங்களை எடுத்த லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தின் தரப்பிலிருந்து கடிதங்கள் போனபோது, அவை போய்ச்சேர்ந்தது ஸைன் நடத்தியவர்களுக்கு. உங்கள் எடிட்டருக்கும் இது உள்ளூரத் தெரிந்திருக்கும். ஆனால் இதை அவரிடம் திருப்பிச் சொல்லிக்காட்டாதீர்கள். 'நானும் எழுதிவிடுவேன்' என்று நீங்கள் ஒரு வரி எழுதினால், அந்த இதழில் எழுதிய மற்றவர்களையும் சேர்த்து ஆபத்தில் தள்ளுகிறீர்கள். அவர்கள் உங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லையே.

ஸ்கிரீன்ஷாட் வேண்டாம்

கோபத்தில் கை துறுதுறுக்கும், தெரியும். ஆனால் அவர் எழுதிய மின்னஞ்சல் அவருடைய எழுத்து, அதன் பதிப்புரிமை அவருக்கு உண்டு, தனிப்பட்ட கடிதம் என்பதால் அந்தரங்க மீறல் என்ற புகாரும் வரலாம். 'திருடர்', 'ஏமாற்றுக்காரர்' என்று ஒரு சொல் சேர்ந்துவிட்டால் அவதூறு. எல்லாவற்றுக்கும் மேல், உங்கள் நிஜப்பெயர் அச்சான இதழை இதுவரை பார்க்காதவர்கள்கூட இந்தச் சண்டையைப் பார்த்துவிட்டு அதைத் தேடி எடுப்பார்கள். பொதுவில் ஏதாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால், உங்கள் கதையைப் போடும்போது மேலே ஒரு வரி போதும்: 'இந்தக் கதை முன்பு ஒரு இதழில் வேறு முடிவோடு வந்தது, நான் எழுதிய வடிவம் இது.' உண்மை, யாரும் மறுக்க முடியாது, எவரையும் திட்டவும் இல்லை.

இப்போது எழுத வேண்டிய கடிதம்

பெயர் பற்றிய மின்னஞ்சலுக்கு 10 நாள் விடுங்கள். அது முடிந்ததும் இரண்டாவதை அனுப்புங்கள். கோபமாக எழுதியதை எனக்கு அனுப்பியிருந்தீர்களே, அதில் நல்ல வரிகள் இருக்கின்றன, ஆனால் படிப்பவர் இரண்டாவது வரியிலேயே கதவைச் சாத்திக்கொள்வார். இப்படி இருக்கட்டும்:

"இதழுக்காக நீங்கள் போட்ட உழைப்பு எனக்குத் தெரியும். சின்னத் திருத்தங்களுக்குச் சம்மதித்தேன், முடிவை மாற்றவும் இரண்டு காட்சிகளை நீக்கவும் சம்மதிக்கவில்லை, என்னிடம் காட்டவும் இல்லை. இரண்டாவது அச்சில் என் முடிவையே போடுங்கள், முடியாவிட்டால் 'முடிவு ஆசிரியர் குழுவால் மாற்றப்பட்டது' என்று ஒரு குறிப்பு சேருங்கள். கதை அனுப்பிய நாளில் இருந்த விதிப்படி 6 மாதங்கள் முடிந்துவிட்டதால், அடுத்த மாதம் முதல் தேதியில் என் வடிவத்தை இணையத்தில் வெளியிடுகிறேன், அதில் உங்கள் இதழின் பெயரையும் குறிப்பிடுவேன். எனக்கு வர வேண்டிய பிரதியை அனுப்பிவையுங்கள்."

இதில் அனுமதி கேட்கிற வாக்கியம் ஒன்றுகூட இல்லை, கவனித்தீர்களா? 'வெளியிடலாமா' என்று எழுதினால், இல்லாத அதிகாரத்தை நீங்களே அவருக்குக் கொடுத்ததாகிவிடும். இதழின் பெயரைக் குறிப்பிடுவதாகச் சொல்லியிருப்பது சும்மா மரியாதைக்கு இல்லை, உங்கள் கதையைப் படித்துவிட்டு இதழ் தேடி நாலு பேர் வந்தால் அவருடைய பயம் கொஞ்சம் குறையும்.

26 மாதம் காக்கவைத்ததைக் கடிதத்தில் சேர்க்க வேண்டாம். அது வருத்தம்தான், ஆனால் அச்சுக்குப் போகும்முன் எந்த நாளிலும் 'கதையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்' என்று நீங்கள் எழுதியிருக்கலாம், அந்த வாய்ப்பு உங்களிடம் இருந்தது. அடுத்த முறை இன்னொரு ஸைனுக்கு அனுப்பினால் மூன்றே விஷயம் மின்னஞ்சலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: எந்தத் தேதிக்குள் வராவிட்டால் கதை உங்களிடம் திரும்பும், அச்சுக்கு முன் பிரூஃப் உங்கள் கண்ணில் படுமா, உங்கள் பெயர் எந்த எழுத்துகளில் எந்தப் பக்கத்தில் வரும். நல்ல எடிட்டர்கள் இதைக் கேட்டால் கோபப்பட மாட்டார்கள், பலர் அவர்களே முன்வந்து சொல்வார்கள்.

பெயர் விஷயத்தில் 10 நாளில் பதில் வராவிட்டால் எனக்கு எழுதுங்கள். அந்த ஒன்றுக்கு மட்டும் நான் என் பெயரிலேயே அவருக்கு ஒரு கடிதம் அனுப்புகிறேன், உங்கள் புனைபெயரை மட்டும் குறிப்பிட்டு.